எப்போதும் புதுமுகம்

யாழ்ப்பாணத் தீவகத்து ஊர்காவற்றுறையில் எங்கள் பெரியம்மா வீட்டு வாசல் நிலையைப் பார்த்தால் போதும், கணக்கெடுப்புக் கலை எவ்வளவு உயரத்துக்குப் போயிருக்கிறது என்று விளங்கும். வேப்பமர நிலை. கண்ணுயரத்தில், முன்னொரு காலம் மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதின இலக்கம். 7 என்றும் வாசிக்கலாம், 1 என்றும் வாசிக்கலாம். அதற்குக் கீழே, திரும்பி வந்து குடியிருந்த வருடம் நிவாரணப் பதிவுக்கு வந்த ஒருவர் கரிக்கட்டியால் போட்டது. அதற்கும் கீழே 2012 தொகைமதிப்புக்கு ஒட்டின தாள். அதன் ஒரு மூலையில் பல்லி முட்டையிட்டுப் பொரித்த அடையாளம். பிறகு ஏதோ திட்டத்துக்கு வந்தவர்களின் ஸ்டிக்கர். கடைசியாக 2024 தொகைமதிப்பு. ஒரே நிலை, ஒரே வீடு, உள்ளே ஒரே பெரியம்மா. இலக்கம் மட்டும் ஐந்து. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நயினாதீவு அம்மனுக்கு ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சிக்கிறோம். பெரியம்மாவுக்கு இப்போதைக்கு ஐந்து ஆகியிருக்கிறது. இன்னும் காலம் கிடக்கிறது.

ஊரில் சிலர் குறை சொல்கிறார்கள். "வந்து வந்து எழுதுகினம், ஒண்டும் நடக்கேல்லை" என்கிறார்கள். நன்றி கெட்ட பேச்சு. எழுதத்தான் வருகிறார்கள், எழுதிக்கொண்டு போகிறார்கள். வந்த வேலையை மட்டும் செய்துவிட்டுப் போகிறவர்களை இந்த நாட்டில் வேறெங்கே காணலாம்?

அவர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணம் மறதி. எத்தனையாவது தரம் வந்தாலும் பெரியம்மாவிடம் முதல் கேள்வி, "குடும்பத் தலைவர் ஆர் அம்மா?" பெரியப்பா இருந்த காலத்திலும் அதே கேள்வி, அவர் ஒரு நாள் கடலால் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விறாந்தையில் சாய்ந்த பிறகும் அதே கேள்வி. முதலில் அவர் பெயரை எழுதினார்கள், பிறகு பெரியம்மாவின் பெயரை எழுதினார்கள். "முந்தி இருந்தவர் எங்கே?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. செத்த வீட்டில் வாயைக் கிளறாமல் இருக்கிற நாகரிகம் எங்கள் சொந்தக்காரருக்கே இல்லை. படிவத்துக்கு இருக்கிறது.

உலகத்தில் இந்த நாகரிகம் தெரியாதவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாதாமாதம் தொழிலின்மை வீதம் சொல்வதற்கென்று ஓர் அளவீடு நடக்கிறது. ஒரு வீட்டை எடுத்தால் 4 மாதம் தொடர்ந்து கேட்பார்கள், 8 மாதம் விட்டுவிடுவார்கள், மறுபடி வந்து 4 மாதம் கேட்பார்கள். போன வருடம் இதே மாதம் வேலையோடு இருந்தவன் இந்த வருடம் என்ன செய்கிறான் என்று பார்க்கிற ஆசை. அந்த இடைவெளியில் வீட்டுக்காரன் வீடு மாறிப்போய், அதே விலாசத்தில் வேறொருவன் குந்தியிருந்தால்? அதற்கும் ஆராய்ச்சி. 1999 இல் பிரிஜிட் மாட்ரியன், லார்ஸ் லெஃப்கிரன் என்று இருவர் மினக்கெட்டு இருந்து, இரண்டு வருடப் பதிவும் ஒரே ஆளுடையதுதானா என்று கண்டுபிடிக்க வழி எழுதினார்கள்: ஆணா பெண்ணா என்பது ஒத்துப்போகிறதா, இனம் ஒத்துப்போகிறதா, வயது ஏறக்குறைய ஒன்று கூடியிருக்கிறதா. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இன்னும் மோசம். 1968 இல் பிடித்த குடும்பங்களை இன்றுவரை விடவில்லை. பிள்ளை கலியாணம் கட்டித் தனிக்குடித்தனம் போனால் அங்கேயும் பின்னால் போகிறார்கள். நல்ல காலம், அவர்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை தெரியாது.

தமிழர்கள் மத்தியிலும் இந்த வியாதி ஒரு தரம் பரவியது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், 1916 இல் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பி, ஆர் ஆருக்கு எவ்வளவு காணி, என்ன கூலி, எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். அதோடு நின்றதா? அந்த ஊர்களில் ஒன்றான, விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1930களில் ஆள் போனார்கள், 1961 இல் போனார்கள், 2008 இலும் போனார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் ஓர் ஊரை நிம்மதியாக மறக்கவிடாமல் செய்தால் அந்த ஊர்ச் சனம் என்ன பாடுபடும்!

எங்கள் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் அப்படியல்ல. குடும்ப வருமான, செலவின அளவீடு என்று ஒன்றை 1980களில் இருந்து நடத்துகிறது. நாடு முழுக்க 25,000 வீடு, ஓர் அலகுக்கு 10 வீடாக, 12 மாதமும் பிரித்துச் செய்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் இதை முகத்துக்கு நேரே சொல்கிறேன். ஆனால் அடுத்த முறை வரும்போது எல்லாமே புது வீடு. போனமுறை கேட்ட வீட்டைக் குறித்துவைத்துத் திரும்பப் போய்த் தொல்லை கொடுப்பதில்லை. 2016 இல் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 62,237 ரூபா. 2019 இல் 76,414 ரூபா. கழித்துப் பாருங்கள்: 14,177 ரூபா முன்னேற்றம். எந்த வீடு முன்னேறியது என்று கேட்கிறவன் விதண்டாவாதி. 2016 இல் எழுதப்பட்ட வீடு 2019 கணக்கில் இல்லை; 2019 இல் எழுதப்பட்ட வீடு 2016 கணக்கில் இல்லை. முன்னேற்றம் மட்டும் இரண்டுக்கும் நடுவில், ஆருக்கும் சொந்தமில்லாமல், ஆகாயத்தில் நிற்கிறது. சராசரி என்பது அப்படித்தான் இருக்கவேண்டும், கோபுரக் கலசம் மாதிரி. கும்பிடலாம், கையில் எடுக்க ஏலாது.

எங்களுக்கென்று அவர்கள் காட்டின தனிக் கரிசனத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். 1990/91 இல் நடந்த அளவீட்டில் வட மாகாணம் இல்லை. 1995/96 இல் இல்லை. 2002 இல் இல்லை. 2006/07 இலும் இல்லை. 2009/10 இல் யாழ்ப்பாண மாவட்டம் உள்ளே வந்தது. 2012/13 இல்தான் 25 மாவட்டமும் சேர்ந்தன. தொழிற்படை அளவீடு 1990 இல் இருந்து காலாண்டுக்கு ஒருக்கால் நடக்கிறது. அதில் வடக்கு நிலையாக வந்து சேர்ந்தது 2011 இல். முழுத் தொகைமதிப்போ 1981 க்குப் பிறகு 2012 இல்தான் எங்களை முழுசாகக் கண்டது. இடையில் 31 வருடம். அந்தக் காலத்தில் நாங்கள் சும்மா இருக்கவில்லைத்தானே. 1990, 91 இல் யுத்தத்தால் தீவகம் வெறுமையானது. வேலணை, ஊர்காவற்றுறைச் சனம் மூட்டையோடு வலிகாமம் போய், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தோடு சேர்ந்து இன்னொரு தரம் எழும்பி, சாவகச்சேரி, கிளிநொச்சி, வவுனியா முகாம், மண்டபம் முகாம், சூரிச், ரொறன்ரோ என்று போய்க்கொண்டிருந்தது. ஓடுகிற ஆளை மறித்து வைத்து "மாத வருமானம் எவ்வளவு?" என்று கேட்பது மனிதத்தன்மையா? வலியில் துடிக்கிறவனுக்குக் காய்ச்சல் பார்க்கக் கூடாது. சுகம் வந்த பிறகு ஆறுதலாகப் பார்த்து, "சாதாரண நிலை" என்று எழுதலாம்.

எனக்கும் இந்தக் கலையில் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு. சில வருடங்களுக்கு முன், ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு இருந்தேன். தீவகக் கிராமங்களில் மூன்று வருட இடைவெளியில் எடுத்த இரண்டு பட்டியல். முதல் பட்டியலில் இருக்கிற குடும்பத்தை இரண்டாவதில் தேடிப் பிடித்துப் பொருத்தவேண்டும். பொருத்தினால் ஆர் தொழில் மாறினார், ஆர் வருமானம் ஏறியது, ஆர் இறங்கினார் என்று பார்க்கலாமாம். சுகமான வேலை என்று நினைத்தேன். பட்டியலைத் தயாரித்தவர்களின் ஞானம் அப்போது எனக்குத் தெரியாது.

முதலாம் பட்டியலில் வீடு 1, 2, 3 என்று மேற்கிலிருந்து தொடங்கியது. இரண்டாவதில், படகு பிந்திப்போனதால் கிழக்கிலிருந்து தொடங்கியிருந்தது. ஆகவே 14 ஆம் இலக்க வீட்டில் முதல் வந்தபோது ஓர் ஓய்வு பெற்ற வாத்தியார் இருந்தார். மூன்று வருடத்தில் அவர் ஐந்து பிள்ளை பெற்ற இளம் விதவையாக மாறியிருந்தார். சரி, பெயரைப் பார்ப்போம் என்றால், "செல்வராசா" ஓரிடத்தில் செல்வராஜா, ஓரிடத்தில் சி-எச்சில் தொடங்கும் ஆங்கிலச் செல்வராசா, இன்னோரிடத்தில் சிங்கள எழுத்தின் வழியாகப் போய்த் திரும்பி வந்து அடையாளம் தெரியாமல் நின்றார். பெண்களிடம் இன்னும் அழகு. முதல் முறை தகப்பன் பெயரின் முதலெழுத்து. கலியாணத்துக்குப் பிறகு புருசன் பெயர். புருசன் போன பிறகு சிலர் திரும்பத் தகப்பனுக்கே வந்துவிடுவார்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயர் வேறு. அயலுக்கு "பேபி அன்ரி", பதிவில் சிவபாக்கியம். பேபி என்று ஒரு பட்டியலிலும் சிவபாக்கியம் என்று மற்றதிலும் இருந்தால், பொருத்துகிறவனுக்கு இருவர் கிடைக்கிறார்கள். ஓர் ஏழையின் இடத்தில் இரண்டு ஏழை.

வயதைப் பிடிப்போம் என்றால் அது இன்னும் இனிமை. மூன்று வருடத்தில் சிலர் மூன்று வயது ஏறினார்கள். சிலர் பத்து ஏறினார்கள். 50 வயதில் இருந்த ஒரு மாமி 45 க்கு இறங்கியிருந்தார். "ஒரு அம்பது எண்டு போடன் பிள்ளை" என்று சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுதுகிற பண்பு இது.

அடையாள அட்டை இலக்கம் இருந்தால் எல்லாம் ஒரு நொடியில் முடிந்திருக்கும். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 இல் இருந்து 12 இலக்கம். பிறந்த வருடம் உள்ளே இருக்கும், அந்த வருடத்தின் எத்தனையாம் நாள் என்பது இருக்கும், பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். தாலி கட்டினாலும் அறுத்தாலும் ஆள் மாறாது. முதல் பட்டியலில் அந்த நிரல் இருந்தது. இரண்டாவதில் நிரலையே எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தரங்கத்தைக் காப்பதற்காம். காத்தார்கள், ஒருவரை இன்னொருவரிடமிருந்து மட்டுமல்ல, அவரை அவரிடமிருந்தே.

கடைசியில் பொருந்தினவர்கள் ஆர் என்று பார்த்தேன். தபாலதிபர். ஓய்வூதிய வாத்தியார்மார். கடை வைத்திருப்பவர். கோயிலடி ஐயர். பிறந்த வீட்டில் இருந்து, ஒரே பெயரில், ஒரே வேலை செய்து, ஒரே எழுத்தில் கையெழுத்து வைக்கிறவர்கள். பொருந்தாதவர்கள்: நண்டு கொம்பனிக்குப் போன பெட்டைகள், கட்டாருக்குப் போன பெடியன்கள், வாடகைக்கு வீடு மாறினவர்கள், படகை வித்துவிட்டுக் கூலிக்குப் போனவர்கள். அவர்கள் எல்லோரும் "தொடர்பு கிடைக்கவில்லை" என்ற ஒரே நிரலில் சமத்துவமாக நின்றார்கள். அறிக்கை நல்ல தடித்த தாளில் வந்தது. தீவகத்துக் குடும்பங்களின் வருமானமும் தொழிலும் பெருமளவு மாறவில்லை என்று அதில் எழுதியிருந்தது. உண்மைதான். மாறினவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பவர்கள் மாறவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் சென்றது.

மனச்சாட்சிக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரே ஆக்களிடம் திரும்பிப் போன கெட்ட பழக்கக்காரர் இங்கேயும் இருந்தார்கள். இலங்கை உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வுக்காக, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை மாவட்ட மீன்பிடிக் குடும்பங்களிடம் 2012 இல் போய், 2015 இல் திரும்பவும் போனார்கள். அந்த ஐந்து நாட்டு ஆய்வில் தெரிந்தது, சராசரி பெரிதாக அசையாமல் நிற்கிற இடத்திலும், அதற்கு அடியில் ஒரு வீடு ஏறுகிறது, பக்கத்து வீடு இறங்குகிறது என்பது. இப்படியான சங்கடமான விசயங்கள் வெளியே வரும் என்றுதான் நல்லவர்கள் திரும்பிப் போவதில்லை.

நெடுந்தீவில் ஒரு மார்கழி மாதம் நான் நேரே பார்த்ததை எழுதாமல் விட மனம் வரவில்லை. கல்வேலிக்கு உள்ளே, பூவரசு நிழலில் அந்த வீட்டு அண்ணை வலை பொத்திக்கொண்டிருந்தார். வாடைக்காற்று, ஒரு கிழமையாகக் கடல் இறங்கவில்லை. கணக்கெடுக்க வந்த பிள்ளை, காலமை குறிகட்டுவானில் ஏறி ஒரு மணித்தியாலம் படகில் ஆடிவந்த களை முகத்தில் தெரிய, கேட்டது:

"போன ஏழு நாளுக்குள்ள ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தனீங்களோ, ஐயா?"

"கடலுக்குப் போகேல்லை, பிள்ளை."

"வேற ஏதும்?"

"வலை பொத்தினன். அது வேலையோ?"

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம்" என்று புள்ளடி போட்டது. அண்ணை அந்தக் கிழமை இலங்கையின் தொழில்புரிவோரில் ஒருவரானார். ஒரு மணித்தியாலம் போதும் என்பது சர்வதேச விதி. ஆரும் வாய்க்கு வந்தபடி வைத்ததல்ல. பிறகு அவருடைய மனிசியிடம் திரும்பியது. அக்கா பனங்கிழங்கை இரண்டாகக் கிழித்துக் கிழித்துப் பாயில் போட்டுக்கொண்டிருந்தா. ஒடியலுக்கு. காலமை தொடங்கினது, மடிநிறைய நார்.

"நீங்கள், அக்கா?"

"நான் என்னத்தை, வீட்டில சும்மாதானே இருக்கிறன்."

"வீட்டு வேலை" என்று புள்ளடி விழுந்தது. கை நிற்கவில்லை, கிழங்கு கிழிந்துகொண்டே இருந்தது. இதே வீட்டுக்கு சோளகத்தில் ஒரு முறை, நண்டு விழுகிற மாதத்தில் ஒரு முறை வந்து இந்த இருவரிடமும் கேட்டு, மூன்று தாளையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்தால், எது காற்றால் வந்த பஞ்சம், எது கடனால் வந்த பஞ்சம், எது இழுவைப் படகு வலையை அறுத்ததால் வந்த பஞ்சம் என்று பிரித்துவிடலாம். தாளைக் கோப்பதில்லை. பஞ்சம் என்றால் பஞ்சம். அதில் என்ன சாதி வித்தியாசம்?

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் விசயத்திலும் படிவத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. பெரியம்மாவின் மூத்தவன் ஒரு முறை குடும்ப உறுப்பினர் நிரலில் இருந்தான்: ஆண், 19, மாணவன். அடுத்த முறை அங்கே இல்லை. பல பக்கம் தள்ளி, "வெளிநாட்டிலிருந்து கிடைக்கும் பணம்" என்ற வரியில் இருந்தான். ஆளாக இருந்தவன் தொகையாக மாறினான். மோட்சம் என்பது இதுதான் என்று எங்கள் ஐயர் சொல்லுவார்.

தீவகத்தில் ஆரை எங்கே தொலைத்தாலும் கண்டுபிடிக்கிறவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கலையும் தெரியாது, நாகரிகமும் தெரியாது. கிழமைக் கடன் கொடுக்கிற கொம்பனிப் பெடியன் அதே குறிகட்டுவானில் அதே படகு ஏறித்தான் வருகிறான். பேபியும் சிவபாக்கியமும் ஒரே ஆள் என்று அவனுக்குத் தெரியும். அவ தமையன் வீட்டுக்கு வேலணைக்கு மாறினால் அடுத்த செவ்வாய் வேலணைப் படலையில் நிற்பான். மூன்று வருடத்துக்கு முன் வாங்கினதில் எத்தனை தவணை பிந்தியது என்று சதக் கணக்கில் சொல்லுவான். நகை அடைவு வைத்த இடத்திலும் இதே ஞாபகம். மின்சார மானியிலும் இதே ஞாபகம். ஒரு பல்கலைக்கழகமும் இவர்களுக்கு முறையியல் படிப்பிக்கவில்லை. பாவம், காசு வரவேண்டியிருந்ததால் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள்.

2023 இல் அஸ்வெசும என்ற நிவாரணத் திட்டம் வந்தபோது அரசாங்கமும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தது. 22 குறிகாட்டி வைத்து, வீட்டுச் சுவர், கூரை, வாகனம், படிப்பு, நோய் எல்லாம் பார்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போட்டு, 2,500 இல் இருந்து 15,000 ரூபா வரை நாலு படி வகுத்தார்கள். கியூ.ஆர். குறியீடும் கொடுத்தார்கள். மேன்முறையீடு இலட்சக்கணக்கில் குவிந்தது. அது பாராட்டுக் கடிதமாகத்தான் இருக்கவேண்டும்.

2024 தொகைமதிப்புக்குக் கொஞ்சம் முன் பெரியம்மா வீட்டுக்கு ஒரு பிள்ளை டெப்போடு வந்தது. நான் அன்றைக்கு அங்கே நின்றேன். நல்ல பிள்ளை; செருப்பைக் கழற்றிவிட்டு விறாந்தையில் இருந்து, பெரியம்மா கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தது. கேள்விகள் போய்க்கொண்டிருந்தன. வருமானத்துக்கு வந்தபோது பெரியம்மா திடீரென்று கேட்டா:

"மோனை, முந்தியும் வந்து எழுதினவை. அவர் இருக்கேக்க. அப்ப அவர் தன்ர வாயால சொன்னவர் மாசம் எவ்வளவு, சங்குக்கு எவ்வளவு, நண்டுக்கு எவ்வளவு எண்டு. எனக்கு இப்ப ஞாபகமில்லை. அதை ஒருக்கா எடுத்து வாசியன்."

பிள்ளை டெப்பைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"அது வேற ஆக்கள் எடுத்ததம்மா. இதில வராது."

"உங்கட ஒஃபிஸில கிடக்குமெல்லே?"

"கிடக்கும் அம்மா. ஆனா அதெல்லாம் இரகசியம். ஆருக்கும் காட்டமாட்டினம்."

"எனக்கும் காட்டமாட்டினமோ?"

பிள்ளை சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தா. பிறகு பிள்ளை திரையைத் தட்டி, "சரி அம்மா, குடும்பத் தலைவர் ஆர் எண்டு போட்டனாங்கள்?" என்று மேலே போய்ப் பார்த்துவிட்டு, எழும்பி, வாசல் நிலையில் ஸ்டிக்கர் ஒட்ட இடம் தேடியது. கண்ணுயரத்தில் இடமில்லை. குனிந்து, பல்லி முட்டைக்குக் கொஞ்சம் கீழே ஒட்டியது.